மேலிருந்து போட்ட காசு

பொன்னுதுரையை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது. நேரில் பார்க்கும்போது 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட மூத்தவன், போதாததற்கு வாடிக்கைக்காரன். எழுதும்போது அந்த மரியாதையெல்லாம் எதற்கு? அவன் என்றே எழுதுகிறேன்.

என் பெயர் மருதமுத்து. மலாக்காவில், காஜா பெராங் சாலையிலிருந்து கம்போங் செட்டிக்குத் திரும்புகிற முனையில் முடிவெட்டும் கடை வைத்திருந்தேன். ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே படிகாரக் கல்லும் சோப்புக் கிண்ணமும் வைக்க ஒரு பலகை. காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிறவர்களில் பாதிப் பேருக்கு வெட்டிக்கொள்ள முடியே கிடையாது, பேச மட்டும்தான் வருவார்கள்.

பொன்னுதுரை வாரத்துக்கு ஒரு முறை சவரத்துக்கு வருவான். முகம் துடைத்து, படிகாரம் தேய்த்து, கழுத்துத் துணியை உதறியதும் எழுந்து நின்று சட்டைப் பையில் கை விடுவான். நான் கையை நீட்டுவேன். என் உள்ளங்கைக்கு ஒரு சாண் மேலே வந்து அவன் விரல்கள் நின்றுவிடும். அங்கேயிருந்து காசை விடுவான். கூலியும் அப்படித்தான் விழும், கூலிக்கு மேலே தருகிற கோப்பிக் காசும் அப்படித்தான் விழும். சில சமயம் ஒரு காசு விரலில் பட்டுத் தெறித்து, வெட்டிய முடிக்குள் போய்விடும். நான் குனிந்து தேடுவேன். அவன் கண்ணாடியில் மீசையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

கஞ்சன் என்று சொல்ல மாட்டேன். கோப்பிக் காசை அவன் ஒரு தடவைகூட மறந்ததில்லை. எனக்கு எரிந்ததெல்லாம் அந்த ஒரு சாண்தான். இந்தக் கதையும் அந்த ஒரு சாணைப் பற்றியதுதான்.

அவன் பிறந்தது ஜாசின் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா பால் மரம் வெட்டியவர். இவன் சின்ன வயதிலேயே தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் காரைக் கழுவப் போனான், கழுவிக் கழுவி ஓட்டக் கற்றுக்கொண்டான், கடைசியில் துரைக்கே டிரைவர் ஆனான். தொப்பி, வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை. தோட்டத்து ஆட்கள் லயத்து வீடுகளுக்குப் போகிற மண் ரோட்டில் ஒதுங்கி நின்றால், துரைக்கு நிற்கிறார்களா தனக்கு நிற்கிறார்களா என்ற சந்தேகமே அவனுக்கு வந்ததில்லை. தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டான்.

துரை கிறிஸ்துமஸ் சமயத்தில் அவனுக்குக் காசு கொடுப்பார். அது எப்படி என்பதை அவனே என் நாற்காலியில் உட்கார்ந்து பெருமையாகச் சொன்னான்.

"தொர கையில குடுக்க மாட்டாரு மருது. காடி முன்பக்க பானட்டு மேல வெச்சிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்குவாரு. நம்மள சங்கடப்படுத்தக் கூடாதுன்னு ஒரு இது."

யாருக்குச் சங்கடம் என்று நான் கேட்கவில்லை. கத்தி அப்போது அவன் தொண்டையில் இருந்தது. அந்த மாதிரி நேரத்தில் விவாதம் செய்வது தொழிலுக்கு நல்லதல்ல.

மெர்டேக்கா வந்தது, நாடு சுதந்திரமானது. தோட்டம் கை மாறியது, துரை கப்பலேறினார். போகிறபோது பழைய ஆஸ்டின் காரை இவனுக்கே மலிவாகத் தள்ளிவிட்டுப் போனார். அந்தக் காரையும் மனைவி அஞ்சலையையும் கூட்டிக்கொண்டு பொன்னுதுரை டவுனுக்கு வந்தான். என் கடைக்கு எதிரே இருந்த பலகை வீட்டை வாடகைக்கு எடுத்தான். காருக்கு முன்னும் பின்னும் சிவப்பு எழுத்தில் எல் போர்டு மாட்டினான். வீட்டு வாசலில் 'பொன்னுதுரை, கார் ஓட்டும் வாத்தியார்' என்று எழுதித் தொங்கவிட்டான். அந்தப் பலகையை எழுதியவனிடம், 'வாத்தியார்' என்ற சொல் அவன் பெயரைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்று சண்டை போட்டானாம். பெரிதாகத்தான் இருந்தது.

நல்ல காலம்தான் அது. வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன நாற்காலிகளில் நம் ஆட்கள் உட்கார ஆரம்பித்திருந்தார்கள். நாற்காலி வந்ததும் கார் வேண்டும் என்று ஆசை வரும், கார் வந்தால் லைசென்ஸ் வேண்டும். பெண்டஹாரா சாலைத் துணிக்கடைக்காரர்களின் பிள்ளைகள், ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிமார், பள்ளிக்கூட வாத்தியார்கள் என்று வரிசையாக அவனிடம் வந்தார்கள். அவன் வாய் ரொம்பக் கெட்டது. புக்கிட் சீனா மேட்டில் காரை நிறுத்தி எடுக்கச் சொல்வான். கிளச்சை விடத் தெரியாமல் கார் பின்னால் உருண்டால், "ஒங்க தாத்தாவோட மாட்டு வண்டியா இது?" என்று ரோடே கேட்கக் கத்துவான். கைச்சைகை தப்பாகக் காட்டினால் பென்சிலால் முட்டியில் ஒரு தட்டு. கிராணியானாலும் தட்டுதான், சீன முதலாளி தவ்கே மகனானாலும் தட்டுதான். ஆனால் அவனிடம் படித்தவர்கள் பெரும்பாலும் முதல் தடவையிலேயே சோதனையில் தேறினார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது, அதனால் சொல்கிறேன்.

தேறியவர்கள் பேசிய கூலிக்கு மேலே ஏதாவது கொடுக்க வேண்டுமா என்பதுதான் அந்த நாட்களில் என் கடைப் பெஞ்சின் பெரிய வாதம். யாருக்கு எப்போது கோப்பிக் காசு கொடுப்பது என்பதில் எங்கள் ஊரில் எல்லோருமே வக்கீல்கள். பெச்சா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா மிதிக்கிறவனுக்கு மழை பெய்தால் கொடுக்கலாம், வெயிலில் தேவையில்லை என்பார் ஒருவர். சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிறவனுக்கு எழுந்து போகும்போது கொடுப்பவன் முட்டாள், உட்காரும்போதே கொடுத்தால்தான் இலையில் நல்ல துண்டு விழும் என்பார் இன்னொருவர். தபால்காரனுக்குத் தீபாவளிக்கு. முடிவெட்டுகிறவனுக்கும் தீபாவளிக்கு. இதைச் சொல்லும்போது என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. வாத்தியாருக்கு மட்டும் கோப்பிக் காசு கொடுக்கக் கூடாது, அது அவமானம், வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துத் தட்சிணையாகக் கொடுக்க வேண்டும். அதில் யாருக்கும் இரண்டாவது பேச்சு இல்லை.

அப்படியானால் கார் சொல்லிக் கொடுக்கிறவன் வாத்தியாரா, டிரைவரா? இங்கேதான் பெஞ்சு இரண்டாகப் பிளக்கும் என்று நீங்கள் நினைப்பீர்கள். பிளக்கவில்லை. "டிரைவர்தான், என்னா வாத்தியாரு" என்று ஒரே குரலில் முடித்துவிட்டார்கள். ஆகவே தேறியவர்களெல்லாம் அவனுக்குக் கோப்பிக் காசு கொடுத்தார்கள். அவன் கையை நீட்டுவான். அவர்கள் மேலிருந்து போடுவார்கள். அவன் தோட்டத்துப் பழக்கத்தில் தொப்பியைத் தொட்டுக் கும்பிடுவான். ஆரம்பத்தில் அவனுக்கு அது உறைத்ததாகவே தெரியவில்லை.

உறைக்க வைத்தவர் இராமலிங்கம் பிள்ளை. கம்போங் செட்டிக்காரர், பல தலைமுறைக்கு முன்னே இங்கே வந்து குடியேறிய மலாக்காச் செட்டி வம்சம், துறைமுகத்தில் கணக்குப் பார்க்கிறவர். வீட்டில் பூசை, விபூதி எல்லாம் நம்மைவிட ஒரு படி கூடுதலாக இருக்கும். பேச்சு மட்டும் மலாய். தமிழில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வராது. அவர் சோதனையில் தேறிய அன்று பொன்னுதுரையை வீட்டுக்குக் கூப்பிட்டார். பாயில் உட்கார வைத்தார். ஒரு பித்தளைத் தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம் வைத்து, வெற்றிலைக்கு அடியில் காசை வைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். "தெரிமா காசே, பாங்" என்றார். நன்றி அண்ணே, அவ்வளவுதான்.

மறுநாள் பொன்னுதுரை என் நாற்காலியில் உட்கார்ந்தபோது அவன் கழுத்தே ஒரு அங்குலம் நீண்டிருந்தது.

"வாத்தியாருன்னு அவங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கு மருது. தமிழ் பேசத் தெரியல, ஆனா மரியாதை தெரிஞ்சிருக்கு. நம்ம ஆளுங்க இருக்கானுங்களே..."

நான் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருப்பது எனக்கு எப்போதுமே வராது.

"நல்ல ஜனங்கண்ணே. போன மாசம் அவுங்க வீட்டுப் பேரப்புள்ளைக்கு முடி எறக்கப் போனேன். எனக்கும் அதே தட்டுதான். பித்தளை. ஓரத்துல மயில் போட்டிருக்குமே."

கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தேன். ஈயாடவில்லை. அந்த வீட்டில் தச்சனுக்கும் அதே தட்டு, மருத்துவச்சிக்கும் அதே தட்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவன் துணியை உருவிக்கொண்டு எழுந்துவிட்டான். அன்றைக்குக் காசு ஒரு சாண் உயரத்திலிருந்து விழவில்லை. இரண்டு சாண்.

அதற்குப் பிறகு அவன் ஒரு சட்டம் போட்டான். இனிமேல் கோப்பிக் காசு கிடையாது. கொடுக்க விருப்பமிருந்தால் தட்டில் வெற்றிலை பாக்கோடு கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பேசிய கூலி போதும். பாடம் ஆரம்பிக்கிற அன்றே இதைச் சொல்லிவிடுவான். ஊர் சிரித்தது. "ஸ்டியரிங்குக்கு மாலை போடணுமா வாத்தியாரே?" என்று பெண்டஹாரா சாலையில் கேட்டார்கள். அவன் திருப்பித் திட்டினான். சிரிக்கிறவர்களும் திட்டுகிறவனுமாகச் சில மாதம் போயிற்று. தட்டு மட்டும் வரவில்லை. கூலியைக் கொடுத்துவிட்டு நழுவினார்கள். சட்டம் போட்டதில் நஷ்டம் அவனுக்குத்தான், கோப்பிக் காசும் போயிற்று.

அந்தச் சமயத்தில் துணிக்கடை கலியாணசுந்தரம் தன் மகள் ஜெயாவை அவனிடம் அனுப்பினார். ஜெயா ஆசிரியர் பயிற்சி முடித்துப் பள்ளிக்கூட வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். பள்ளிக்கூடம் அலோர் காஜா பக்கம், பஸ்ஸில் போய் வந்தால் பொழுது பாதி போய்விடும். அவளே ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஆசை. கலியாணசுந்தரம் புதுசாக ஒரு மோரிஸ் வாங்கியிருந்தார். பாடத்தின்போது அம்மா பின் சீட்டில் உட்கார்ந்து காவல் இருப்பாள். மகள் ஒவ்வொரு திருப்பத்திலும் கற்றுக்கொண்டாள், அம்மா ஒவ்வொரு திருப்பத்திலும் முருகனைக் கூப்பிட்டாள்.

கலியாணசுந்தரத்தின் அப்பா படுத்த படுக்கை. அவருக்குச் சவரம் செய்ய நான் அந்த வீட்டுக்குப் போவது வழக்கம். பக்கத்துத் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைப்பார்கள். அங்கேயிருந்து பார்த்தால் கார் நிற்கிற முன்வாசல் நன்றாகத் தெரியும். சரஸ்வதி பூசைக்கு முதல் நாள் நான் அங்கே இருந்தேன்.

ஜெயாவுக்கு வீணை சொல்லிக் கொடுக்க மாணிக்கவாசகம் என்று ஒருவர் வருவார். பட்டுக்கரை வேட்டி, ஜவ்வாது வாசனை. பூசைக்கு அவர் சிங்கப்பூர் போகிறார் என்று அன்றைக்கே தட்சிணை கொடுத்து அனுப்ப ஏற்பாடு. வெள்ளித் தட்டு. வேட்டி, துண்டு, பழம், வெற்றிலை, அதன் மேல் உறை. கலியாணசுந்தரமும் மனைவியும் சேர்ந்து நீட்டினார்கள். மாணிக்கவாசகம் கண்ணை மூடி ஆசீர்வாதம் செய்தார். ஜெயா வீணை கற்க ஆரம்பித்துப் பல வருஷம் ஆகிறது. இன்னும் அவள் வாசித்தால் நான் சவரம் செய்கிற அந்தக் கிழவர் என்னிடம், "யாரு தகரம் அடிக்கிறா?" என்று கேட்பார்.

அதே நேரத்தில் ஆஸ்டின் உள்ளே வந்து நின்றது. ஓட்டி வந்தவள் ஜெயா. அன்று காலையில்தான் சோதனை, பூசை வேலையில் அம்மா கூடப் போகவில்லை. முதல் தடவையிலேயே தேறிவிட்டாள். இறங்கி ஓடி வந்தாள். பொன்னுதுரை பின்னால் மெதுவாக வந்து, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வாசலில் நின்றான். அவன் கண் அந்த வெள்ளித் தட்டின் மேலேயே இருந்ததை நான் பார்த்தேன்.

"பாஸ் பண்ணிட்டாளா? நல்லது, நல்லது" என்றார் கலியாணசுந்தரம். சட்டைப் பையில் கை விட்டார்.

"அப்பா, சாருக்கும் தட்டுல வெச்சுக் குடுங்கப்பா" என்றாள் ஜெயா.

"இவருக்கா? வீண சார் கலையச் சொல்லித் தர்றாரு. இவரு காடி ஓட்டத்தானே சொல்லித் தந்தாரு? தோட்டத்துல தொரைக்கு ஓட்டுன ஆளு." பொன்னுதுரையைப் பார்த்து, "இந்தாப்பா. கோப்பி குடி" என்றார்.

பழக்க தோஷம், பொன்னுதுரையின் கை நீண்டுவிட்டது. கலியாணசுந்தரம் மேலிருந்து விட்டார். மடித்த நோட்டு ஒன்று, அதோடு சில்லறை. பொன்னுதுரை கையை மூடவில்லை. விரித்தது விரித்தபடியே கையைச் சரித்தான். நோட்டு சிமெண்டுத் தரையில் விழுந்தது, சில்லறை உருண்டு சாக்கடைக்குள் போயிற்று.

என் கத்தி கிழவர் கன்னத்தில் அப்படியே நின்றுவிட்டது.

"என்னாடா, திமிரா?"

"டா போடாதீங்க மொதலாளி. ஒங்க மகளுக்கு நான் வாத்தியாரு. அவரு கைக்குத் தட்டு, என் கைக்கு மட்டும் ஆகாசத்துலேருந்து வருதா?"

"அவரும் நீயும் ஒன்னா?"

"ஒன்னுதான். அவரு தப்பாச் சொல்லிக் குடுத்தா ஒங்களுக்குக் காது வலிக்கும். நான் தப்பாச் சொல்லிக் குடுத்தா ஒங்க மக சாயங்காலம் வீட்டுக்கு வர மாட்டா."

"என் வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு என் மக சாவப் பத்திப் பேசுறியா? வெளிய போடா!"

மாணிக்கவாசகம் அப்போது வெற்றிலையின் காம்பை ரொம்ப அக்கறையாக ஆராய்ந்துகொண்டிருந்தார். ஜெயா அழுதாள். பொன்னுதுரை தொப்பியை மாட்டிக்கொண்டு காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பேசிய கூலியைக்கூட வாங்கவில்லை.

பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, உண்மையைச் சொன்னால், கை தட்ட வேண்டும்போல் இருந்தது. கை நிறைய சோப்பு. அடுத்த நிமிடமே வேறொன்று உறைத்தது, அதோடு சந்தோஷம் போயிற்று. அந்த ஒரு சாண் என்னவென்று இவனுக்குத் தெரிகிறது. நன்றாகவே தெரிகிறது. தெரிந்துகொண்டுதான் எனக்குச் செய்கிறான். இதுவரை நான் அவன் மேல் எரிச்சல்தான் பட்டிருந்தேன். அன்றைக்குத்தான் வெறுத்தேன்.

கலியாணசுந்தரம் லேசான ஆள் இல்லை. பெண்டஹாரா சாலையில் அவர் ஒரு கடைக்குப் போய்ச் சொன்னால் பத்துக் கடைக்குப் போகும். 'திமிர் பிடித்தவன், பெண் பிள்ளைகளை அனுப்பாதீர்கள்' என்று பேச்சு பரவியது. பாதிப் பாடத்தில் இருந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள். எதிர் வீட்டு வாசலில் ஆஸ்டின் நாள் முழுக்க நின்றது. பொன்னுதுரை அதைத் துடைத்துக்கொண்டே இருந்தான். ஓடாத காரைத் துடைக்கிறவனைப் பார்க்கச் சகிக்காது.

அஞ்சலை பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் நடுரோட்டிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அந்த மொதலாளி ஆளு விட்டாருல்ல? வந்து ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டுட்டுப் போ, தம்பி மகனுங்க ரெண்டு பேரையும் அனுப்புறேன்னாருல்ல? போனா என்னா?"

"போவ மாட்டேன்."

"தட்டு தட்டுன்னு! வீட்டுல அரிசி இல்ல. தட்டையா கடிச்சுத் திங்கப் போறீங்க?"

"ஆமா, திங்கிறேன். நீ உள்ள போ."

அவள் உள்ளே போகவில்லை. மறுவாரத்திலிருந்து இரண்டு வீடுகளில் துணி துவைக்கப் போனாள். அவன் வாசலில் தொங்கிய பலகையில் 'வாத்தியார்' பெரிதாகவே இருந்தது.

எனக்குப் பாவமாக இருந்ததா என்று கேட்காதீர்கள். அந்த நாட்களிலும் அவன் கடைக்கு வந்தான். கோப்பிக் காசு கொடுக்க வழியில்லை, கூலி மட்டும்தான். அதையும் மேலிருந்துதான் போட்டான். வறுமையிலும் அந்த உயரம் குறையவில்லை.

தீபாவளிக்கு முந்திய வாரம் அது நடந்தது. மத்தியானம். சாலையில் கலியாணசுந்தரத்தின் மோரிஸ் வந்தது. ஓட்டியவள் ஜெயா. பின் சீட்டில் அம்மா இல்லை, முருகனைக் கூப்பிட ஆள் இல்லை. பொன்னுதுரை வீட்டுச் சந்து ரொம்பக் குறுகல். அதற்குள் பின்னாலேயே எடுத்து, ஒரு பூத்தொட்டிகூட விழாமல் நிறுத்தினாள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார்கள். நானும் வந்தேன், கையில் கத்தரிக்கோலோடு.

ஜெயா காரிலிருந்து ஒரு தட்டை எடுத்தாள். வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு வேட்டி. பொன்னுதுரை வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தவன், ஈரத் துணியோடு அப்படியே நின்றான். அவள் தட்டை நீட்டிக் குனிந்து கும்பிட்டாள்.

"அப்பா குடுத்ததில்ல சார். என் சம்பளத்துல வாங்கினது."

அவன் ஈரத் துணியைத் தோளில் போட்டான். கையைக் கால்சட்டையில் துடைத்தான், மறுபடியும் துடைத்தான். இரண்டு கையாலும் தட்டை வாங்கினான்.  ஏதாவது ஆசீர்வாதம் சொல்வான் என்று எல்லோரும் பார்த்தோம்.

"ரிவர்ஸ் எடுக்கயில நீ வலது பக்கம் பாக்கல" என்றான். "பின்னாடி புள்ள கிள்ள நின்னிருந்தா?"

ஜெயா சிரித்துவிட்டாள். அஞ்சலை கதவுக்குப் பின்னால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பெஞ்சு ஆட்களில் ஒருவர், 'டிரைவர்தான், என்னா வாத்தியாரு' என்று அன்றைக்குச் சொன்னவர்களிலேயே ஒருவர், "வாத்தியாரே, என் மகனுக்கு எப்ப ஆரம்பிக்கலாம்?" என்று அங்கேயே கேட்டார். நம் ஆட்கள் திரும்புகிற வேகத்துக்கு எந்தக் கைச்சைகையும் கிடையாது. எனக்கும் நெஞ்சு என்னமோ செய்தது. பிடிக்காதவனுக்கு நல்லது நடந்தாலும் சில சமயம் அப்படித்தான் ஆகிவிடுகிறது.

அதோடு விட்டிருந்தால் இதை நான் எழுதியே இருக்க மாட்டேன்.

அன்று சாயங்காலமே அவன் சவரத்துக்கு வந்தான். வாயெல்லாம் வெற்றிலைச் சிவப்பு. புது வேட்டியைக் கட்டியிருந்தான். நான் சோப்பு போடப் போட அவன் பேசிக்கொண்டே இருந்தான்.

"பாத்தியா மருது? ஊரே பாத்துச்சுல்ல? காசு பெருசில்லடா. குடுக்குற விதம் இருக்கு பாரு, அதான் மனுசன். மேலேருந்து வீசுனா அது பிச்ச. வெச்சுக் குடுத்தாத்தான் மரியாதை."

"ஆமாண்ணே" என்றேன். கன்னத்தை இழுத்துப் பிடித்து மழித்தேன். தாடையைத் தூக்கித் தொண்டையை மழித்தேன். வெந்நீர்த் துணியால் துடைத்தேன். படிகாரம் தேய்த்து, என் உள்ளங்கையால் அவன் இரண்டு கன்னத்தையும் தடவிப் பார்த்தேன். ஒரு முள் இல்லை. நல்ல சவரம்.

அவன் எழுந்தான். பையில் கை விட்டான். நான் கையை நீட்டினேன். என் உள்ளங்கைக்கு ஒரு சாண் மேலே வந்து அவன் விரல்கள் நின்றன.

காசை விட்டான்.

நான் கையை மூடவில்லை. சரித்தேன். கூலியும் கோப்பிக் காசும் தரையில் விழுந்து, அன்று பகல் முழுக்க வெட்டிய முடிக்குள் போயின.

வேறு யாராவது இருந்தால், கை தவறிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அப்போது கடையில் இருந்தவர்களில் அந்தச் சரித்த கைக்கு அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் அவன். தரையைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான். வெற்றிலை மெல்லுவது நின்றது.

"ஒனக்கும் தட்டு வேணுமா?" என்றான். 

"தட்டெல்லாம் எனக்கு எதுக்குண்ணே. நான் வாத்தியாரு இல்ல. கையில வைங்க, போதும்."

"என்னா பேசுற நீ?"

"ஒங்க மொகத்தத் தொடுறேன். தொண்டையில கத்தி வெக்கிறேன். இப்பக்கூட கன்னத்தத் தடவித்தானே பாத்தேன்? அப்ப ஒட்டாதது காசு குடுக்கயில மட்டும் ஒட்டிக்குமா?"

பெஞ்சில் இருந்தவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். திட்டுவான் என்று நினைத்தேன், அடிக்கக்கூட வருவான் என்று நினைத்தேன். அவன் குனிந்தான். புது வேட்டியோடு, முடிக்குள் கை விட்டுக் காசுகளைப் பொறுக்கினான். ஊதி ஊதி முடியைத் தட்டினான். நிமிர்ந்தபோது முகம் வியர்த்திருந்தது. நான் மறுபடியும் கையை நீட்டினேன். சோப்பு வாசனை போகாத கை.

அவன் கை வந்தது. வழக்கமாக நிற்கிற இடத்தைத் தாண்டி வந்தது. வைத்துவிடுவான் என்றே நம்பினேன். இன்னும் ஒரு விரல்கடை உயரம்தான் இருந்தது.  அந்த நேரத்தில் அவனை வெறுத்தேன் என்று சொன்னால் பொய், 'வைண்ணே, வைண்ணே' என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அவன் கையைத் திருப்பி, காசைக் கண்ணாடிக்குக் கீழே இருந்த பலகையில், படிகாரக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தான். வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். துரை செய்வதைப் பார்த்துப் படித்தது. பிறகு சாலையைக் கடந்து போனான்.

என் கை நீட்டியபடியே இருந்தது. அடுத்த ஆளை உட்காரச் சொன்னேன்.

இனி வர மாட்டான் என்று நினைத்தேன். அடுத்த வாரமே வந்தான். சாகிறவரைக்கும் வேறு கடைக்கு அவன் போகவில்லை. இந்த டவுனில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு அவன்தான் வாத்தியார், ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் அவன் வீட்டுக்குத் தட்டு வரும். என் கடையில் மட்டும் காசு பலகையில்தான். மேலிருந்து ஒருநாளும் போடவில்லை. கையிலும் ஒருநாளும் வைக்கவில்லை.

நானும் அதை அவன் எதிரில் எடுத்ததில்லை. ஆனால் சவரம் முடிந்ததும் என் உள்ளங்கையால் அவன் கன்னம் இரண்டையும் தடவிப் பார்ப்பதை மட்டும் விடவில்லை. மற்றவர்களுக்கு ஒரு தடவை தடவுவேன். அவனுக்கு இரண்டு தடவை.